சீனி கேட்டுப் பார், கோமு

பாளையங்கோட்டை

அன்பு மருமவளே கோமு,

நல்லா இருக்கியா? "நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய் என்று தெரியும். அதனால் நேரே கேட்டுவிட்டேன். சென்னையில் ராத்திரி வேலை முடிந்து வந்து வெறும் நூடுல்ஸைத் தின்றுவிட்டுப் படுக்கிறாய் என்று கேள்வி. ஒரு தோசை சுட எவ்வளவு நேரம் ஆகும், மூதி? சரி, அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன். இப்போது எழுதுவது வேறு விஷயம்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மை வீட்டுக்கு வந்தாள். காப்பியைக் கையில் வாங்கும்போதே முகம் சரியில்லை. "அண்ணே, அவ இப்பம்லாம் போன்ல வேற மாதிரி பேசுதா" என்றாள். எனக்குத் திக்கென்றது. கல்யாண வயசுப் பெண்ணைப் பற்றி அம்மைக்காரி இப்படி ஆரம்பித்தால் தாய்மாமன் என்னத்தை நினைப்பான்? விசாரித்தால் விஷயம் இவ்வளவுதான். "வாரேன்" என்கிறவள் "வரேன்" என்கிறாயாம். "பாக்கேன்" போய் "பாக்கறேன்" வந்துவிட்டதாம். பக்கத்தில் சிநேகிதிகள் நின்றால் "அம்மை" என்று கூப்பிடாமல் "அம்மா" என்கிறாயாம். "நம்ம பிள்ள நமக்கு இல்லாமப் போயிருவாளோ" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு நினைத்துப் பார்த்தால், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மொழியியல் படித்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. சாயங்காலம் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கும்போது அவர் சொல்லித்தான் வில்லியம் லபோவ் என்ற அமெரிக்கரைத் தெரிந்துகொண்டேன். 2024 டிசம்பரில், 97 வயதில் காலமானார். 1961இல் அவர் மாசசூசெட்ஸ் கரையை ஒட்டி இருக்கிற மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவுக்குப் போனார். அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள் ஆறாயிரம் பேர் இருக்கலாம். கோடை வந்தால் நாற்பதாயிரம் பேருக்கு மேல் வந்து இறங்குவார்கள், நம்ம குற்றாலத்துக்குச் சீசன் கூட்டம் வருகிற மாதிரி. ஆனால் அங்கே வந்தவர்கள் குளித்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. கடலோரத்து நிலத்தையும் வீடுகளையும் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்த பணக்காரர்கள். தீவுக்காரர்களின் மீன்பிடித் தொழிலோ நொடித்துக்கொண்டிருந்தது.

'ரைட்', 'ஹவுஸ்' போன்ற சொற்களை வாயைச் சரியாகத் திறக்காமல் கொஞ்சம் அமுக்கிச் சொல்லுகிற பழைய பழக்கம் ஒன்று அந்தத் தீவில் இருந்தது. மங்கிப் போய்க்கொண்டிருந்த அந்த உச்சரிப்பு மறுபடி தலையெடுத்திருப்பதை லபோவ் கவனித்தார். யாரிடம் அதிகம் என்று பார்த்தார். சில்மார்க் பகுதி மீனவர்களிடம். இந்தத் தீவை விட்டுப் போக மாட்டேன் என்று இருந்தவர்களிடம். எப்போது வெளியே போவோம் என்று காத்திருந்த பையன்களிடம் அது குறைவு. இதில் எனக்குப் பிடித்தது ஒரு அம்மா சொன்ன சங்கதி. தன் மகன் முன்பெல்லாம் இப்படிப் பேசினவன் இல்லை, காலேஜுக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் துறையில் நிற்கிற ஆட்கள் மாதிரிப் பேச ஆரம்பித்தான் என்று அவள் லபோவிடம் சொல்லியிருக்கிறாள். வெளியூரைப் பார்த்துவிட்டு, நமக்கு இதுதான் ஊர் என்று திரும்பி வந்தவன் அவன். அதை அவன் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னானோ என்னவோ, பேச்சில் தெரிந்துவிட்டது.

உன் அம்மைக்கு லபோவைத் தெரியாது. ஆனால் ஒரு ஆள் யாரோடு சேர்ந்திருக்க ஆசைப்படுகிறான் என்பதை நாக்கு முன்கூட்டியே சொல்லிவிடும் என்று அவர் தீவெல்லாம் அலைந்து கண்டதை, அவள் டம்ளரும் கையுமாக உட்கார்ந்தே கண்டுபிடித்துவிட்டாள்.

நீ "வரேன்" என்று பேசுவதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. போன இடத்தில் பேசுகிற மாதிரிப் பேசாவிட்டால் பிழைக்க முடியாது. தபால் ஆபீஸ் உத்தியோகத்தில் பொள்ளாச்சிக்குப் போன புதிதில் எனக்கு என்ன நடந்தது தெரியுமா? "ஏனுங்க, மணியார்டர் வந்துருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். நான் "வரல" என்பேன். நம்ம ஊரில் அது சாதாரணப் பதில். அங்கே முகத்தில் அடித்த மாதிரி. "புதுசா வந்திருக்கறவரு ரொம்பக் கோவக்காரருங்க" என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. போஸ்ட்மேன்தான் தனியாகக் கூப்பிட்டு, "வரலீங்க-ன்னு சொல்லிப் பாருங்க சார்" என்றார். சொல்லிப் பார்த்தேன். அடுத்த வாரமே ஒருவர் இளநீர் கொண்டுவந்து வைத்தார். அப்புறம் 'ஒறம்பரை' என்றால் விருந்தாளி, 'சீமாறு' என்றால் நம்ம வாரியல், 'அக்கட்டால' என்றால் அந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகப் படிந்தது. லீவுக்கு வீட்டுக்கு வந்தால் உன் ஆச்சி, "என்னல, வாய்க்கு வாய் ங்க போடுத, ஓட்டல்ல வேலைக்குச் சேந்துட்டியா?" என்பாள். இரண்டு நாளில் 'ங்க' தானாக உதிர்ந்துவிடும். மறுபடி பொள்ளாச்சி பஸ்ஸில் உட்கார்ந்தால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அதுபோல நீயும் இரண்டையும் வைத்துக்கொள். ஆபீஸில் "வரேன்" சொல், உன் அம்மையிடம் "வாரேன்" சொல். இதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கு உறுத்துவது ஒரே ஒரு இடம்தான்: பக்கத்தில் ஆள் நிற்கிறார்கள் என்பதற்காக அவளிடம் பேச்சை மாற்றுகிறாய் பார், அது. கேட்கிறவளுக்கு அது பாஷை மாறினதாகத் தெரியாது. தன்னைச் சபையில் நிறுத்த மகள் வெட்கப்படுகிறாள் என்றுதான் தெரியும்.

நாகர்கோவிலில் இருந்த காலம் வேறு தினுசு. முதல் நாள் ஒரு வீட்டில் "வெள்ளம் வேணுமா?" என்றார்கள். முழித்தேன். குடிக்கிற தண்ணீரைத்தான் கேட்டிருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நாடு அது. எல்லைக் கோட்டை மாற்றிப் போட்டுவிட்டார்கள், பேச்சு அதன் பாட்டுக்கு இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டு நிற்கிறது. காயல்பட்டினத்துச் சிநேகிதர் வீட்டுக்குப் போனால் வாப்பா, உம்மா, காக்கா. காலையில் போய் நின்றால் "பசியாறிட்டீங்களா?" இட்லி தின்பதற்கு இதைவிட அழகாக யார் கூப்பிட முடியும்? வடக்கே நமாஸ் என்றும் ரோஜா என்றும் சொல்லுவதை அவர்கள் தொழுகை, நோன்பு என்றுதான் சொல்லுகிறார்கள். ஒரு ஜனம் தன்னை எங்கே வைத்துப் பார்க்கிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் தபால் ஆபீஸுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நாங்கள்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். மணியார்டர் பாரத்தின் அடியில் நாலு வரி எழுத இடம் இருக்கும். இப்போது அந்தப் பழைய மணியார்டரும் இல்லை, 2015இல் நிறுத்திவிட்டார்கள். தந்தி 2013இலேயே போய்விட்டது. சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு சின்ன ஆபீஸில் இருந்தபோது ஒரு கிழவி இன்லண்ட் லெட்டர் வாங்கிக்கொண்டு வந்தாள். மகன் பம்பாய் தாராவியில். "ஏல, நேரத்துக்குத் திங்கியா? ஒடம்பு வத்திப் போச்சுன்னு பெருமாள் சொல்லுதான். இங்கன மழையே இல்ல. ஆடு குட்டி போட்டுருக்கு" என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். நான் வழக்கம்போல, "அன்புள்ள மகனுக்கு, இங்கு அனைவரும் நலம். உன் உடல்நலத்தை நன்கு கவனித்துக்கொள்ளவும்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

கிழவி என்னையே பார்த்தாள். "ஐயா, இது யாரு வீட்டுக் கடுதாசி?" என்றாள். "ஒங்க மவனுக்குத்தான் ஆச்சி." "எம் மவன் இத வாசிச்சா, அம்மை செத்துப் போனா, ஊர்ல வேற யாரோ எழுதுதாவன்னுல்லா நெனைப்பான்" என்றாள். 'ஏல' என்று போட்டே ஆக வேண்டும் என்று நின்றுவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். இன்னொரு இன்லண்ட் எடுத்தேன். பேனாவை வைத்தால் ஒரு சந்தேகம்: 'ஏல'வா, 'ஏலே'யா, 'எலே'யா? எத்தனையோ வருஷம் வாயில் புழங்கின சொல், ஒரு தடவைகூட எழுதிப் பார்த்ததில்லை.

தமிழன் எல்லாருமே இப்படி இரண்டு தமிழோடு வாழ்கிறவன்தான். பாடப் புத்தகத்தில், பேப்பரில், செய்தி வாசிப்பில் இருக்கிற தமிழை எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. "நான் குளித்துக்கொண்டிருக்கிறேன்" என்று நீ கதவுக்குள்ளிருந்து குரல் கொடுத்தால் உன் ரூம்காரி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவாள். எழுத்துத் தமிழை எல்லாரும் பள்ளிக்கூடத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது. பேச்சு அப்படி இல்லை. அது வீட்டில் கொடுத்தது. தொல்காப்பியர் காலத்திலேயே நிலத்துக்கு நிலம் வேறுபடுகிற சொற்களைத் திசைச்சொல் என்று பேர் வைத்துத் தமிழுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். கோவில்பட்டி பக்கத்து இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத சம்சாரி, 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு சொல்லகராதியே கொண்டுவந்தார். பின்னால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகக் கூப்பிட்டு வைத்துக்கொண்டது. கொங்குக்குப் பெருமாள்முருகன் 2000இல் செய்தார். நீ லீவுக்கு வரும்போது இரண்டும் என் அலமாரியில் இருக்கும். படித்துவிட்டுத் திருப்பிக் கொடு. போன தடவை கொண்டுபோன புத்தகமே இன்னும் வந்து சேரவில்லை.

இவ்வளவு சொல்லுகிறேனே என்று, நம்ம பேச்சைத் தலையில் வைத்து ஆடுகிற கோட்டிக்காரன் என்று என்னை நினைத்துவிடாதே. நம்ம பேச்சில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

திருநெல்வேலியில் 'நீ'க்கும் 'நீங்க'வுக்கும் நடுவில் 'நீரு' என்று ஒன்று வைத்திருக்கிறோம். "வாரும்வே, என்னவே ஆளையே காணும்?" என்று சிநேகிதன் தோளில் கை போடும்போது கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். மரியாதையும் உண்டு, நெருக்கமும் உண்டு. ஆனால் யாருக்கு 'நீ', யாருக்கு 'நீரு', யாருக்கு 'நீங்க' என்பதை நம் பெரியவர்கள் வயசைப் பார்த்து மட்டுமா முடிவு செய்தார்கள்? நம் வயலில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார், உன் தாத்தாவைவிட மூத்தவர். தெருவில் டவுசர் போட்ட பயல் எவனும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான், "ஏ, இங்க வா" என்பான். அவர் அந்தப் பயலை "சின்னய்யா, சொல்லுங்க" என்பார். அந்தப் பயல்களுக்கு யாரும் உட்கார வைத்து இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. அ, ஆ படிப்பதற்கு முன்னாலேயே யாருக்கு எந்த விகுதி என்று தெரிந்திருந்தது. சாதியைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பேசக் கற்றுக்கொண்டபோதே அதையும் கற்றுக்கொண்டாயிற்று.

1950களில் ஜான் கம்பர்ஸ் என்ற ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் காலாப்பூர் என்ற கிராமத்தில் இருந்து பேச்சைக் கவனித்து, 1958இல் எழுதினார். ஊரில் முப்பதுக்கு மேல் சாதிகள். தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்டவர்களின் பேச்சு மட்டும் மற்றவர்கள் பேச்சிலிருந்து தனியாக நின்றது. அவர்கள் என்ன, ஊருக்கு வெளியே இருந்துவிட்டுப் போகிறவர்களா? பகல் முழுக்க மற்றவர்கள் வீட்டிலும் வயலிலும்தான் வேலை. காது நிறைய அவர்கள் பேச்சைக் கேட்கிறவர்கள்தான். அப்புறமும் ஏன் கலக்கவில்லை? வேலை ஏவுவதும் சரி என்பதும் பேச்சாகாது. கூட உட்கார்ந்து வம்பளந்தால்தான், பிள்ளைகள் சேர்ந்து விளையாடினால்தான் ஒருவர் பேச்சு இன்னொருவர் நாக்கில் ஏறும் என்று கம்பர்ஸ் கண்டார். இதை என் நண்பர் சொன்ன அன்று ராத்திரி எனக்கு அந்த வயல்காரப் பெரியவர் ஞாபகம்தான். காலம் பூராவும் நம் வீட்டு முற்றத்தில் நின்றவர். முற்றத்தில் *நின்றவர்*.

மாற்றினவர்களும் இருந்தார்கள். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தலைமுறையிலும் அதற்கு அடுத்ததிலும் மேடைக்கு மேடை 'அக்கிராசனர்' போய் 'தலைவர்' வந்தார், 'நமஸ்காரம்' போய் 'வணக்கம்' வந்தது, 'ஸ்ரீ' போய் 'திரு' வந்தது. முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாக வாசித்தவர்கள், அதைக் கேட்டவர்கள் எல்லாரும் அந்தப் பேச்சைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். அந்த மேடைத் தமிழைக் கேலி செய்கிறவர்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. எனக்கே அடுக்குமொழி கொஞ்சம் திகட்டும். ஆனால் ஒரு பெரிய கூட்டம் தன்னை ஒரே கூட்டமாக உணர்ந்தது அந்தப் பேச்சின் வழியாகத்தான். ஆபீஸ் பாரத்தில் 'சர்நேம்' கேட்டார்கள், எனக்குத்தான் இல்லையே, அப்பா பேரைப் போட்டேன் என்று சிரித்தாயே, அந்தக் காலிக் கட்டத்துக்குப் பின்னால் இவ்வளவு சண்டை நடந்திருக்கிறது. சாதி போய்விட்டதா என்றால் இல்லை. பேரின் வாலிலிருந்து மட்டும் இறங்கியிருக்கிறது.

இனி உன்னைக் கொஞ்சம் திட்ட வேண்டும். 'ஏல' என்று வாய் தவறி வந்ததற்கு டீமில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள் என்று அழுதாயா இல்லையா? அதே வாயால் போன வாரம், "இந்த ஊர் ஆட்டோக்காரங்க பேசுறதைக் காது கொடுத்துக் கேட்க முடியலை மாமா" என்கிறாய். ஏட்டி, உனக்குச் சிரிக்க ஒரு ஆள் அதற்குள் கிடைத்துவிட்டாரா?

மெட்ராஸ் பேச்சில் என்ன குறை கண்டாய்? நாம் "வந்துகிட்டு" என்பதை அவர்கள் "வந்துகினு" என்கிறார்கள். புத்தகத்துக்காரன் "வந்துகொண்டு" என்கிறான். மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நாஷ்டாவும் பேஜாரும் உருதுக்காரர்கள் வழியாக வந்தவை. நீ முகம் சுளிக்கிற 'கஸ்மாலம்' வடமொழிச் சொல். நம்ம ஊரிலும் புழங்குகிற 'துட்டு' டச்சுக்காரன் காசு. துறைமுகத்தில் யார் யார் வந்து இறங்கினார்களோ, யார் யார் மூட்டை தூக்கினார்களோ அவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து செய்த பேச்சு அது. சினிமாக்காரர்கள் அதை ரிக்‌ஷாக்காரனுக்கும் ரவுடிக்கும் சிரிப்பு நடிகருக்கும் கொடுத்துக் கொடுத்து, காதில் விழுந்தாலே ஆள் மட்டம் என்று நினைக்கும்படி செய்துவிட்டார்கள். அதைத் திரையில் வெளுத்து வாங்கின சந்திரபாபு எந்த ஊர் என்று நினைக்கிறாய்? நம்ம தூத்துக்குடி.

பேச்சைப் பார்த்துச் சிரிப்பதைச் சின்ன விஷயம் என்று நான் நினைப்பதில்லை. 1983 ஜூலையில் இலங்கையில் கலவரக்காரர்கள் பஸ்ஸை மறித்து, வாளிக்குச் சிங்களத்தில் சொல்லுகிற 'பால்திய' என்ற சொல்லைச் சொல்லச் சொன்னார்கள், முதல் எழுத்து அவர்கள் சொல்லுகிற மாதிரி வராதவர்களைத் தமிழர் என்று கண்டு கொன்றார்கள் என்று பதிவுகள் இருக்கின்றன. ஒரு எழுத்து, கோமு. கனடாவிலிருந்து உன் டீமில் பேசுகிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை "ஓம், பிறகு கதைப்பம்" என்கிறாள், கேட்க அவ்வளவு வடிவாக இருக்கிறது என்று சொன்னாயே. வடிவுதான். அந்தப் பேச்சை அவர்கள் வீட்டில் அவ்வளவு தூரம் தள்ளிப் போயும் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. 'இது', 'அது' இரண்டுக்கும் நடுவே 'உது' என்று அவர்களிடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பார். நாம் தொலைத்துவிட்ட சாமான் அது.

உன் ஹாஸ்டல் தெருமுனையில் ஒரு அண்ணாச்சி கடை இருக்கிறதாமே. நம்ம ஊரில் 'அண்ணாச்சி' என்றால் மூத்தவரை மரியாதையாகக் கூப்பிடுவது. சென்னைக்குப் போனதும் அது மளிகைக் கடைக்குப் பேராகிவிட்டது. அந்த மனிதரும் சென்னை வழக்கப்படி காலையிலிருந்து ராத்திரி வரை "சர்க்கரை எவ்வளவு சார்?" என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போய், "அண்ணாச்சி, கால் கிலோ சீனி தாங்க" என்று கேட்டுப் பார். தராசிலிருந்து தலையை நிமிர்த்தி, "எந்த ஊரும்மா?" என்பார். பாளையங்கோட்டை என்று சொல். அப்புறம் உனக்கு அவசரத்துக்கு ஒரு ஆள் அந்தத் தெருவில் இருக்கிறார் என்று உன் அம்மையிடம் நான் தைரியமாகச் சொல்லுவேன். ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை. ஊர் எது என்று கேட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. "அங்க எந்தத் தெரு? யாரு வீடு?" என்று அடுத்த கேள்விக்குப் போகிறவர்களும் உண்டு. அந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று உனக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்லாதே. நீ யாரிடமும் அதைக் கேட்கவும் செய்யாதே.

உங்கள் ஆபீஸில் எல்லாரும் எல்லாரையும் 'ப்ரோ' என்கிறீர்களே, எனக்கு அது காதில் நாராசம். இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 'நீ'யா 'நீங்க'வா என்று ஆளை எடை போட அது இடம் வைப்பதில்லை. சாமான் கொண்டு வருகிற பையனையும் 'ப்ரோ' என்கிறாயா, இல்லை உங்களுக்குள் மட்டும்தானா? அதைக் கவனித்துப் பார்.

கடைசியாக ஒன்று. உங்கள் மெஸ்ஸில் சப்பாத்தி போடுகிற ஒடிசாப் பையனைப் பற்றி, "அவனுக்குத் தமிழே மரியாதையா வராது மாமா, எல்லாரையும் வா, போங்கிறான்" என்றாய். அவனை எல்லாரும் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? "டேய், இங்க வா", "சீக்கிரம் போடுடா". அவன் காதில் விழுந்த தமிழ் அது ஒன்றுதான், அதைத்தான் அவன் திருப்பிப் பேசுவான். நாளைக்குத் தட்டை நீட்டும்போது, "தம்பி, இன்னொண்ணு போடுங்க" என்று சொல். கூட நிற்கிறவர்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அவன் பேர் என்ன, ஊர் எது, அங்கே அவன் வீட்டில் என்ன பாஷை பேசுவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இந்த மாசம் முடிவதற்குள் எனக்கு எழுது. போனில் தட்டாதே. இன்லண்ட் வாங்கிக் கையால் எழுது.

அன்புடன்,
உன் மாமா